வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து பெருநிறுவனத்துக்கு: பதவியிழந்த எம்.பி. பொதுவிவகாரத் துறையில் கால்வைப்பது எப்படி?

பிரிட்டனில் பொதுத்தேர்தலுக்காக நாடாளுமன்றம் கலைக்கப்படும் கணத்திலேயே நாடாளுமன்றக் கீழவையான காமன்ஸ் சபையின் 650 இடங்களும் காலியாகிவிடுகின்றன. அமைச்சர்கள் அமைச்சர்களாகத் தொடர்வார்கள், ஆனால் எம்.பி. என்று சொல்லிக்கொள்ள அப்போது நாட்டில் எவரும் இருப்பதில்லை. பிறகு வாக்கு எண்ணும் மண்டபத்தில், பொழுது விடிவதற்குள், தோல்வியை ஏற்று இரண்டு நிமிடம் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்குகிறவருக்கு, அலுவலகத்தைக் காலி செய்வதும் உதவியாளர்களை வேலையிலிருந்து அனுப்புவதுமே மிச்சமிருக்கும் பணி. 2024 ஜூலைத் தேர்தலில் 335 பேர் முதன்முறையாக அந்தச் சபைக்குள் நுழைந்தார்கள் என்றால், ஏறத்தாழ அதே அளவினர் தாமாகவோ தோற்றோ வெளியே வந்தார்கள் என்று பொருள். அவர்களில் ஒரு பகுதியினர் நாடிச் செல்லும் இடம் பெருநிறுவனங்களின் பொதுவிவகாரத் துறை. அந்த வழியில் போக நினைப்பவருக்காகவும், அவர் போகும் வழியைக் கூர்ந்து பார்க்க விரும்பும் வாக்காளருக்காகவும் இக்குறிப்புகளை எழுதுகிறேன்.

இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்ள நிக் கிளெக்கைவிடப் பொருத்தமானவர் இல்லை. 1999 முதல் 2004 வரை ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். 2005 முதல் ஷெஃபீல்டு ஹாலம் தொகுதியின் எம்.பி.; 2007இல் லிபரல் டெமாக்ரட் கட்சியின் தலைவர்; 2010 முதல் 2015 வரை டேவிட் கேமரூனின் கூட்டணி அரசில் துணைப் பிரதமர். 2015இல் அவரது கட்சி 57 இடங்களிலிருந்து 8 இடங்களுக்குச் சரிந்தது. 2017 ஜூனில் அவரே தொகுதியை இழந்தார். 2018 அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனம் அவரை உலகளாவிய விவகாரங்களுக்கும் தகவல் தொடர்புக்கும் துணைத் தலைவராக நியமித்தது. 2022 பிப்ரவரியில், மெட்டா என்று பெயர் மாறியிருந்த அதே நிறுவனத்தின் உலகளாவிய விவகாரங்களுக்கான தலைவராக உயர்ந்தார். 2025 ஜனவரியில் விலகுவதாக அறிவித்தார். ஏற்றமும் இறக்கமும் முழுமையாகக் கண்முன் இருப்பதால், இந்த வழித்தடத்தில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று காட்ட இவரது வரலாறு உதவுகிறது.

முதலில், வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

பொதுவிவகாரம் என்பது மக்கள் தொடர்பு அன்று. மக்கள் தொடர்பு அதிகாரி வாடிக்கையாளரையும் பத்திரிகையாளரையும் பார்த்துப் பேசுகிறார். பொதுவிவகார அதிகாரியோ சட்டம் இயற்றுபவர், அதை அமல்படுத்தும் துறைச் செயலர், விதி வகுக்கும் ஒழுங்குமுறை ஆணையம், இவர்களைச் சுற்றியிருக்கும் தொழிற்சங்கங்கள், தன்னார்வ அமைப்புகள், வணிகக் கூட்டமைப்புகள் ஆகியோரிடையே நிறுவனத்தின் நிலையை எடுத்துரைக்கிறார். லாபியிங் என்று எல்லோரும் சொல்வது இதன் ஒரு பகுதிதான். வாரத்தின் பெரும்பகுதி எழுத்துவேலையில் போகும்: அரசு கருத்துக் கேட்கும் ஆவணம் வெளிவந்ததும் அதற்குப் பதில் தயாரிப்பது, தேர்வுக்குழு எனப்படும் நாடாளுமன்ற விசாரணைக் குழுவுக்கு எழுத்துமூலச் சாட்சியம் அனுப்புவது, மசோதாவின் எந்தப் பிரிவு நிறுவனத்தைத் தொடும் என்று பொறியாளர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் விளக்குவது, சட்டம் நிறைவேறிய பின் சத்தமில்லாமல் வரும் துணைவிதிகளைக் கண்காணிப்பது.

எம்.பி.யாக இருந்தவர் இதில் திடுக்கிட வேண்டிய இடம் ஒன்று உண்டு. சபையில் இருந்தபோது இந்த ஆவணங்களை யாரோ தயாரித்து, சுருக்கி, முதல் பக்கத்தில் மூன்று புள்ளிகளாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். இப்போது எழுதிக் கொடுப்பவர் நீங்கள். பத்து ஆண்டுகளாகச் சொந்தமாக ஒரு குறிப்புகூட எழுதாத முன்னாள் அமைச்சர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நேர்முகத் தேர்வுக்கு முன்பே, உங்களுக்குத் தெரிந்த துறையில் நடப்பிலுள்ள ஒரு மசோதாவை எடுத்து, அது ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தை எப்படிப் பாதிக்கும் என்று இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அந்தத் துறை உங்களுடையது அன்று.

விற்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது?

கையிலிருக்கும் தொலைபேசி எண்களே தம் சரக்கு என்று நினைப்பதுதான் வெளியே வருபவர்களின் முதல் பிழை. அமைச்சர்கள் மாறுகிறார்கள், ஆட்சி மாறுகிறது, அந்த எண்களின் மதிப்பு மழைக்கால உப்பைப்போல் கரைகிறது. 2024இல் தோற்ற கன்சர்வேட்டிவ் எம்.பி.க்களுக்கு இது ஒரே இரவில் புரிந்திருக்கும். நிறுவனங்கள் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சியின் உள்வட்டத்தை அறிந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், வெளியேறிய அமைச்சர்களோ வெளியேறிய அமைச்சர்களையே அறிந்திருந்தார்கள்.

எண்களை விற்க முயன்றவர்களின் கதி பதிவிலிருக்கிறது. 2010 மார்ச்சில், போலி நிறுவனத்தின் பெயரில் வந்த மறைமுகச் செய்தியாளரிடம் முன்னாள் போக்குவரத்து அமைச்சர் ஸ்டீஃபன் பையர்ஸ், தம்மை வாடகைக்குக் கிடைக்கும் டாக்சியோடு ஒப்பிட்டுப் பேசியது சானல் 4 தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அவர் அந்தத் தேர்தலோடு சபையை விட்டுப் போய்விட்டார். ஆனாலும் முன்னாள் உறுப்பினர் என்ற முறையில் அவருக்கிருந்த நுழைவு அட்டை அந்த ஆண்டின் இறுதியில் இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அமைச்சராக அவர் செய்த எதையும் இன்று எவரும் நினைவுகூர்வதில்லை. டாக்சி மட்டும் நிலைத்துவிட்டது.

நிலைத்த மதிப்புள்ளது வேறு: ஒரு முடிவு எப்படிப் பிறக்கிறது என்ற அறிவு. எந்தக் கட்டத்தில் அமைச்சரின் மனம் இன்னும் திறந்திருக்கிறது, எந்தக் கட்டத்தில் நிதியமைச்சகம் முட்டுக்கட்டை போடும், எந்தத் திருத்தத்தை மேலவையான பிரபுக்கள் சபையில் கொண்டுவந்தால் அரசு இறங்கிவரும், எந்தக் கோரிக்கையைக் கேட்டாலே சிரிப்பார்கள் என்பவற்றை உள்ளிருந்து பார்த்தவருக்கு அது கைவந்த கலை. கிளெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களில் ஐரோப்பிய ஆணையத்தில் வேலை பார்த்தவர். வர்த்தகப் பொறுப்பிலிருந்த ஆணையர் லியோன் பிரிட்டனின் அலுவலகத்தில் இருந்தவர். ஆங்கிலத்தோடு டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய மொழிகளும் பேசுபவர். ஃபேஸ்புக்குக்கு 2018 எப்படிப்பட்ட ஆண்டு என்பதை அதோடு பொருத்திப் பாருங்கள். கோடிக்கணக்கான பயனர்களின் தரவு ஓர் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போன கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் மார்ச் மாதம் வெடித்தது. ஏப்ரலில் மார்க் ஸக்கர்பெர்க் அமெரிக்கக் காங்கிரஸின் முன்னும் மே மாதத்தில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தலைவர்கள் முன்னும் பதில் சொல்ல நேர்ந்தது. மே 25 அன்று, மீறினால் உலக வருவாயில் 4 சதவீதம் வரை அபராதம் விதிக்கக்கூடிய ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை நடைமுறைக்கு வந்தது. அந்த நிறுவனத்துக்கு லண்டனில் யாரைத் தெரியும் என்பது சிறிய கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் எப்படிச் சிந்திக்கிறது என்று கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து சொல்லக்கூடிய ஆள் வேண்டியிருந்தது. கட்சியைப் படுதோல்விக்கு இட்டுச் சென்ற தலைவர் என்பது அதற்குத் தடையாகவே இல்லை.

ஆகவே உங்கள் தகுதிக்குறிப்பில் பதவிகளை வரிசையாக அடுக்காதீர்கள். எந்த மசோதாவில் என்ன திருத்தம் கொண்டுவந்தீர்கள், எதிர்த்தவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள், எங்கே தோற்றீர்கள், ஏன் தோற்றீர்கள் என்று எழுதுங்கள். கடைசி இரண்டையும் மறைக்கத் தோன்றும். வேலைக்கு எடுப்பவர் கூர்ந்து படிப்பது அவற்றைத்தான்.

காலக்கணக்கு

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்ற பழமொழி இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது. இங்கே காற்று அடங்கும்வரை காத்திருந்தவர்களே பெரும்பாலும் தப்பித்திருக்கிறார்கள்.

சாதாரண எம்.பி.க்கும் அமைச்சராக இருந்தவருக்கும் விதிகள் வேறு. பிரிட்டனில் அமைச்சர் பதவியை விட்டவர் இரண்டு ஆண்டுகளுக்குள் எந்த வெளிவேலையை ஏற்பதானாலும் முன்கூட்டியே ஆலோசனை பெற வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளில் அரசிடம் லாபி செய்யக் கூடாது. பதவிக்காலத்தில் அறிந்த மறைதகவலைப் பயன்படுத்தக் கூடாது. அமைச்சரவை உறுப்பினராக இருந்தவர் குறைந்தது மூன்று மாதங்களாவது காத்திருக்க வேண்டும் என்பதும் வழக்கம். 1975 முதல் இந்த ஆலோசனையை வழங்கிவந்த வணிக நியமனங்களுக்கான ஆலோசனைக் குழு 2025 அக்டோபரில் கலைக்கப்பட்டு, அமைச்சர்கள் தொடர்பான பணி பிரதமரின் சுயேச்சை ஆலோசகரிடமும் அரசு ஊழியர்கள் தொடர்பான பணி குடிமைப் பணி ஆணையத்திடமும் ஒப்படைக்கப்பட்டது. பழைய குழுவுக்குப் பற்கள் இல்லை என்பது எல்லோரும் அறிந்த குறை. கண்டிக்க முடியுமே தவிரத் தண்டிக்க முடியாது. 2017 மார்ச்சில் முன்னாள் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் லண்டன் மாலை நாளிதழ் ஒன்றின் ஆசிரியர் பொறுப்பைக் குழுவின் பதிலுக்குக் காத்திராமலே அறிவித்தார். அப்போது அவர் எம்.பி.யாகவும் இருந்தார், பிளாக்ராக் முதலீட்டு நிறுவனத்தில் ஆண்டுக்கு 48 நாள் வேலைக்கு 6,50,000 பவுண்டு பெறும் ஆலோசகராகவும் இருந்தார். அவருக்கு எந்தத் தண்டனையும் கிடைக்கவில்லை. அதைப் பார்த்து விதியை மீறலாம் என்று துணிந்துவிடாதீர்கள். ஆஸ்போர்னுக்கு இருந்த தடித்த தோல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கிளெக்கின் கணக்கைக் கவனியுங்கள். அமைச்சர் பதவியை விட்டது 2015 மே; ஃபேஸ்புக் அறிவிப்பு 2018 அக்டோபர். இடையில் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டதால் ஆலோசனைக் குழுவிடம் போக வேண்டிய தேவையே எழவில்லை. தொகுதியை இழந்த பிறகும் பதினாறு மாதங்கள் கடந்திருந்தன. விமர்சனம் வந்தது, நிறையவே வந்தது; ஆனால் விதிமீறல் என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

இதற்கு நேரெதிராக, விதியின் எழுத்தைக் காப்பாற்றிவிட்டுப் பெயரை இழந்தவர் அவருடைய பழைய தலைவர். டேவிட் கேமரூன் 2016 ஜூலையில் பிரதமர் பதவியை விட்டார். சரியாக இரண்டு ஆண்டு முடிந்த கையோடு 2018 ஆகஸ்டில் கிரீன்சில் கேப்பிட்டல் என்ற நிதி நிறுவனத்தின் ஆலோசகரானார். 2020 வசந்தத்தில் கொரோனாக் கால அரசு நிதியுதவித் திட்டத்தில் அந்த நிறுவனத்தையும் சேர்க்கச் சொல்லி, நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக் முதல் மூத்த அதிகாரிகள் வரை பலருக்கும் தம் கைபேசியிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பினார். நிதியமைச்சகம் மறுத்துவிட்டது. 2021 மார்ச்சில் நிறுவனம் திவாலானது. லாபி செய்பவர்களின் பதிவேட்டைக் கவனிக்கும் பதிவாளர் ஆராய்ந்து, கேமரூன் அந்த நிறுவனத்தின் ஊழியர் என்பதால் பதிவு செய்ய வேண்டியதில்லை என்று சொன்னார். சட்டப்படி குற்றமில்லை. ஆனால் காமன்ஸ் சபையின் நிதிக்குழு அவரை அழைத்து விசாரித்து, அவர் நிதானம் தவறிவிட்டார் என்று அந்த ஆண்டு ஜூலையில் எழுதியது. அவருடைய செய்திகள், அன்புடன் என்று கையொப்பமிட்டது உட்பட, அச்சில் வெளிவந்தன. அனுப்பும் எந்தச் செய்தியையும் நாளைக்கு ஒரு தேர்வுக்குழு உரக்கப் படிக்கும் என்று எண்ணியே எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நிறுவனத்தின் கோரிக்கை துறைக்கு உரிய வழியில், நிறுவனத்தின் முகவரியிலிருந்து, பதிவில் நிற்கும் கடிதமாகப் போகட்டும். உங்கள் சொந்தக் கைபேசி அதில் தலையிட வேண்டாம்.

இன்னும் சபையில் இருக்கிறவருக்கு இதைவிடக் கடுமையான எல்லைகள் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு சபையில் ஒருவருக்காக வாதாடுவது தடைசெய்யப்பட்டது. 2021இல் கன்சர்வேட்டிவ் எம்.பி. ஓவன் பாட்டர்சன் இந்த விதியை மீறியதாகக் கண்டறியப்பட்டு, 30 நாள் இடைநீக்கம் பரிந்துரைக்கப்பட்டு, கடைசியில் பதவியையே துறந்தார். 2023 மார்ச் முதல் எம்.பி.க்கள் நாடாளுமன்ற ஆலோசகராகப் பணம் பெறுவதே தடைசெய்யப்பட்டது. 2024இல் புதிய சபை, பொதுக்கொள்கை பற்றிப் பொதுவாக ஆலோசனை கூறிப் பணம் பெற இருந்த விலக்குகளையும் அடைத்தது. ஆகவே பதவியில் இருந்துகொண்டே அடுத்த வேலைக்குப் பாலம் கட்டும் பழைய வழி மூடப்பட்டுவிட்டது. ஸ்காட்லாந்து கன்சர்வேட்டிவ் தலைவராக இருந்த ரூத் டேவிட்சன் 2019இல் ஒரு பொதுவிவகார ஆலோசனை நிறுவனத்தில் ஆண்டுக்கு 24 நாள் வேலைக்கு 50,000 பவுண்டு பெறும் பொறுப்பை ஏற்றார். அப்போதும் அவர் ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்ற அந்த நிலையைப் பத்திரிகைகள் பொறுக்கவில்லை. சில நாள்களில் அந்தப் பொறுப்பை அவரே கைவிட நேர்ந்தது. இறங்கிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். அதற்கு முன்பே பேச்சு வந்தால், பேசுபவர் யார் என்று எழுதிவைத்து, அந்த நிறுவனத்தைத் தொடும் எந்த விவாதத்திலிருந்தும் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

வேலை பல நாடுகளைத் தொடுமானால் அந்தந்த நாட்டின் காத்திருப்புக் காலத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் செனட்டராக இருந்தவர் இரண்டு ஆண்டும் பிரதிநிதிகள் சபையில் இருந்தவர் ஓராண்டும் காங்கிரஸில் லாபி செய்யக் கூடாது. கனடாவில் எம்.பி.க்களுக்கும் ஐந்து ஆண்டு. ஐரோப்பிய ஆணையர்களுக்கு இரண்டு, ஆணையத் தலைவருக்கு மூன்று. ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 2023 முதல் ஆறு மாதம். இந்தியாவில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஓய்வுபெற்று ஓராண்டுக்குள் வணிக வேலையை ஏற்க அரசின் அனுமதி வேண்டும், எம்.பி.க்கு அப்படி எந்தக் காத்திருப்பும் இல்லை, லாபியிங்கை வரையறுக்கும் சட்டமும் இல்லை என்பதை நம் வாசகர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

எந்தக் கதவைத் தட்டுவது?

மூன்று வகை இடங்கள் உண்டு: பல வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் ஆலோசனை நிறுவனம், ஒரே நிறுவனத்தின் உட்துறை, ஒரு தொழிலின் கூட்டமைப்பு. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டனில் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டியவர்கள் முதல் வகையினர் மட்டுமே. அதுவும் அமைச்சரையோ துறையின் தலைமைச் செயலரையோ நேரடியாக அணுகினால்தான். நிறுவனத்தின் உள்ளேயே ஊழியராக இருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இது சட்டத்தின் பெரிய ஓட்டை என்பது என் கருத்து. கேமரூன் நழுவியது இதன் வழியாகத்தான். ஓட்டை இருக்கிறது என்பதற்காக அதில் நுழைய வேண்டியதில்லை. அமைச்சர்கள் வெளியாரைச் சந்தித்த விவரங்களை அந்தந்தத் துறைகளே வெளியிடுகின்றன என்பதால், நீங்கள் பதிவு செய்யாவிட்டாலும் சந்திப்பு ஒருநாள் வெளியே தெரியும்.

ஆலோசனை நிறுவனம் தொழிலைக் கற்றுக்கொள்ள நல்ல இடம். ஸ்ட்ரெதம் தொகுதியின் எம்.பி.யாக இருந்த சூக்கா உமுன்னா, 2019இல் சபையை விட்ட பின் 2020இல் எடல்மன் நிறுவனத்தில் சேர்ந்து, சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் சார்ந்த ஆலோசனையைக் கவனித்தார். அடுத்த ஆண்டே அதே துறை அறிவோடு ஜே.பி. மார்கன் வங்கிக்குப் போனார். அரசியல்வாதி என்ற அடையாளத்துக்குப் பதிலாக ஒரு பாடத்தில் தேர்ந்தவர் என்ற அடையாளத்தை அவர் கட்டிக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. முன்னாள் எம்.பி. என்ற பட்டம் மங்கிக்கொண்டே போகும். பாட அறிவு அப்படி மங்காது.

ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் அமைச்சராக இருந்து ஒப்பந்தம் வழங்கிய, மானியம் கொடுத்த, விதி தளர்த்திய நிறுவனமாக அது இருக்கக் கூடாது. எத்தனை ஆண்டு கடந்தாலும் இதற்கு விலக்கு இல்லை என்றே நான் சொல்வேன். அன்று எடுத்த முடிவு நேர்மையானதாகவே இருந்திருக்கலாம். இன்று வாங்கும் சம்பளம் அன்றைய கையெழுத்தின் மீது கறையாகப் படியும்.

பழைய சொற்கள் திரும்பி வரும்

அரசியலில் இருந்தவர் இருபது ஆண்டு பேசியிருக்கிறார், எழுதியிருக்கிறார், வாக்களித்திருக்கிறார்; எல்லாமே பதிவில் இருக்கிறது. ஃபேஸ்புக்கில் சேர்வதற்கு முன் கிளெக் எழுதிய பத்தி ஒன்றில், அந்த நிறுவனம் தம்மை மயக்கவில்லை என்றும் அதன் கலிஃபோர்னியப் பாணி தமக்குச் சற்று எரிச்சலூட்டுகிறது என்றும் எழுதியிருந்தார். நியமனம் அறிவிக்கப்பட்ட நாளில் அந்த வரிகள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. இதைவிடக் கனமான சுமை அவருக்கு வேறொன்று இருந்தது: பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்த மாட்டோம் என்று 2010 தேர்தலில் கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்குறுதி, அந்த ஆண்டு டிசம்பரிலேயே கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்தும் தீர்மானத்தில் கைவிடப்பட்டது, 2012இல் அதற்கு வருத்தம் தெரிவித்துக் காணொளியும் வெளியிட்டார். வாக்குத் தவறியவர் இப்போது ஒரு நிறுவனத்தின் வாக்குக்குச் சாட்சி நிற்கிறாரே என்ற கேள்வி அவரை விடவேயில்லை.

ஆகவே அறிவிப்புக்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் பழைய உரைகளையும் வாக்குப்பதிவுகளையும் ஒருவரிடம் கொடுத்து, உங்களை வீழ்த்த நினைக்கும் செய்தியாளர் எதைப் பிடிப்பார் என்று தேடச் சொல்லுங்கள். கிடைத்ததை நிறுவனத்திடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். கருத்து மாறியிருந்தால் ஏன் மாறியது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள். மாறாமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தொகுதி மக்களுக்கு ஒரு கடிதம் எழுதுவதும் நல்லது. பலர் அதைச் செய்வதில்லை. பத்திரிகையைப் பார்த்துத்தான் மக்கள் தெரிந்துகொள்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவை

சம்பளத்தைப் பற்றி உங்கள் வழக்கறிஞர் பேசட்டும். நீங்கள் பேச வேண்டியது, நிறுவனத்துக்குள் உங்கள் நாற்காலி எங்கே என்பதைப் பற்றி. யாரிடம் அறிக்கை தருகிறீர்கள்? ஒரு தயாரிப்பு வெளிவருவதற்கு முன் உங்களைக் கேட்பார்களா, வெளிவந்து வழக்கு வந்த பின்தான் கூப்பிடுவார்களா? கிளெக் 2022இல் பெற்ற உயர்வின் பொருள் சம்பளத்தைவிட இதில்தான் இருந்தது. நிறுவனத்தின் கொள்கை விவகாரங்கள் அனைத்துக்கும் அவரே தலைமை தாங்குவார் என்று ஸக்கர்பெர்க் அறிவித்தபோது, அரசுகளிடம் பேசும்போது நிறுவனத்தின் முகமாக இனி நிற்பவர் யார் என்பது தெளிவானது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கும் மேல் பிடித்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது, எதைச் செய்ய மாட்டீர்கள் என்பது. காத்திருப்புக் காலத்தில் யாரைச் சந்திக்க மாட்டீர்கள், எந்தப் பொருளைத் தொட மாட்டீர்கள் என்று ஒப்பந்தத்திலேயே எழுத்தில் இருக்கட்டும். வாய்ச்சொல்லாக இருந்தால், நெருக்கடி வரும் நாளில் ஒரு போன்தானே என்று கேட்பார்கள். அந்த ஒரு போனை மறுக்கும் பலத்தை எழுத்து தருகிறது. மூன்றாவது, பிரியும்போது என்ன நடக்கும் என்பது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேலைக்குள் வந்த பிறகு

முதல் ஆறு மாதம் வெளியே பேசாதீர்கள். நிறுவனத்தின் தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். மேடையில் நின்றே பழகியவருக்கு இது கடினம். சபையில் அரைமணி நேரத் தயாரிப்போடு எந்தப் பொருளிலும் பேசிவிடலாம். விதிமுறை ஆணையத்தின் பொறியாளர் முன் அது செல்லாது; தரவு எங்கே சேமிக்கப்படுகிறது, அல்காரிதம் எதை முன்னே தள்ளுகிறது என்று அவர் கேட்கும்போது சொல்லத் தெரிய வேண்டும்.

இந்த வேலையின் உண்மையான கடினம், நிறுவனத்தின் விரும்பத்தகாத முடிவை உலகத்தின் முன் நின்று விளக்குவது. 2019 செப்டம்பரில் வாஷிங்டனில் பேசிய கிளெக், அரசியல்வாதிகளின் பேச்சை ஃபேஸ்புக் உண்மைச் சரிபார்ப்புக்கு அனுப்பாது என்று அறிவித்தார். டென்னிஸ் மைதானத்தைத் தயாராக வைப்பது எங்கள் வேலை, மட்டையை எடுத்து ஆடுவது அன்று என்ற பொருளில் விளக்கினார். பலர் அதை ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் ஒரு முடிவைக் கேட்பவர் மனத்தில் படமாக நிறுத்தும் அரசியல்வாதியின் திறமை அங்கே வேலை செய்தது என்பதை மறுக்க முடியாது. 2021 ஜனவரியில் டொனால்டு டிரம்பின் கணக்கு காலவரையின்றி முடக்கப்பட்டது. நிறுவனம் அமைத்திருந்த மேற்பார்வை வாரியம் மே மாதத்தில் முடக்கியது சரி, காலவரையின்மை சரியில்லை என்றது. ஜூன் மாதத்தில் இரண்டு ஆண்டு என்று வரையறுத்து அறிவித்தவரும் 2023 ஜனவரியில் கணக்கைத் திருப்பித் தருவதாக எழுதியவரும் கிளெக்தான். ஒரு நாட்டின் அதிபராக இருந்தவரைப் பற்றிய முடிவை முன்னாள் துணைப் பிரதமர் அறிவிக்கும்போது அதற்கு ஒரு கனம் சேர்கிறது. நிறுவனம் உங்களிடம் வாங்கியது அந்தக் கனத்தைத்தான். அதை எத்தனை முறை செலவழிக்கலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம்பாத முடிவுக்காக ஒருமுறை செலவழித்தது திரும்பி வராது.

வெளியே பேசுவதைப் போலவே உள்ளே பேசுவதும் உங்கள் கடமை. எந்த வாதம் நாடாளுமன்றத்தில் எடுபடாது, எந்த இடத்தில் விட்டுக்கொடுத்தால் பெரிய இழப்பைத் தவிர்க்கலாம் என்று தலைமையிடம் சொல்ல வேண்டும். இணையத்துக்குப் புதிய விதிகள் வேண்டும் என்று 2019 மார்ச்சில் ஸக்கர்பெர்க் பத்திரிகையில் எழுதினார். அது கிளெக் சேர்ந்து ஐந்து மாதம் கழித்து வந்தது. எதிர்த்து நிற்பதைவிட எழுதும் மேசையில் இடம் பிடிப்பது மேல் என்ற கணக்கு அதில் தெரிகிறது. வரப்போகும் சட்டத்தைத் தடுக்கவே முடியும் என்று எந்த நிறுவனமாவது சொன்னால், அரசியல் தெரிந்தவர் நீங்கள்; முடியாது என்று முதலில் சொல்ல வேண்டியவரும் நீங்களே.

வெளியேறும் நாள்

தேர்தலில் தோற்கப் பழகியவருக்குக்கூட நிறுவனத்திலிருந்து விலகும் நாள் எதிர்பாராமல் வரும். 2025 ஜனவரி 2 அன்று கிளெக் விலகலை அறிவித்தார். அவர் இடத்துக்கு வந்த ஜோயல் கப்லன், ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் வெள்ளை மாளிகையில் துணைத் தலைமை அலுவலராக இருந்த குடியரசுக் கட்சிக்காரர். டிரம்ப் மீண்டும் பதவியேற்க அப்போது மூன்று வாரம்கூட இல்லை. ஐந்து நாள் கழித்து, ஜனவரி 7 அன்று, அமெரிக்காவில் வெளியார் உண்மைச் சரிபார்ப்பை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. 2018இல் பிரஸ்ஸல்ஸைப் புரிந்தவர் தேவைப்பட்டார். 2025இல் வாஷிங்டனைப் புரிந்தவர் தேவைப்பட்டார். வாக்காளர் எவருமில்லாத இடத்திலும் ஆட்சி மாற்றம் ஆளை மாற்றுகிறது.

இதனால்தான் பிரிவு நிபந்தனைகளைச் சேரும் நாளிலேயே பேசிவிடச் சொன்னேன். விலகிய பின் நிறுவனத்தைப் பற்றி எழுதலாமா, எவ்வளவு காலம் போட்டி நிறுவனத்துக்குப் போகக் கூடாது, ஒரு நாடாளுமன்றக் குழு சாட்சியத்துக்கு அழைத்தால் நிறுவனத்தின் அனுமதியின்றிப் போகலாமா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒப்பந்தத்தில் பதில் இருக்க வேண்டும். மூன்றாவது கேள்வியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருகாலத்தில் அந்தக் குழுவின் மேசையில் உட்கார்ந்து, வர மறுத்த நிறுவனத் தலைவர்களைக் கண்டித்தவர் நீங்களாகவே இருக்கலாம்.